ஜீப்புக்குப் பெரிய டயர், பாவித்த இரும்பு ரிம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் இருக்கிறேன். 1997ஆம் ஆண்டு டொயோட்டா பிராடோ ஒன்று வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. கராஜ் வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்தவன், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து எங்கள் ஆட்கள் பழைய ஜீப்பையே தேற்றி ஓட்டப் பழகிவிட்டார்கள். 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தபோது விலையைப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் ஆசையோடு பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். நான்கு சில்லும் இழுக்கிற எதையும் கொழும்பில் ஜீப் என்றே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே.

எனக்குப் பெரிய டயர் உண்மையில் தேவையா?

பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில் ஓடுகிற ஜீப்புக்குத் தேவையில்லை. வில்பத்துவுக்குள் மழைக்குப் பிறகு போகிறவர், மீமுரே பக்கம் கல்லுப் பாதையில் ஏறுகிறவர், வன்னியில் வயல் வைத்திருக்கிறவர் என்றால் பேசலாம்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். டயரின் உயரம் 26 மில்லிமீட்டர் கூடினால் வண்டியின் அடிப்பகுதிக்குக் கிடைப்பது அதில் பாதி, அதாவது 13 மில்லிமீட்டர். ஒரு விரலின் தடிப்புக்கூட வராது. இதற்காகச் செலவழிக்க முன்னர், இப்போதுள்ள அதே அளவில் ரோட்டு டயரைக் கழற்றிவிட்டு, தார் ரோட்டுக்கும் காட்டுப் பாதைக்கும் பொதுவான ஓல்-டெரெய்ன் டயரைப் போட்டுப் பாருங்கள். சேற்றில் வித்தியாசத்தைக் காட்டுவது பெரும்பாலும் டயரின் மேல் வெட்டியிருக்கிற அந்தப் பூவும் நீங்கள் இறக்கிவிடுகிற காற்றும்தான். அதையெல்லாம் விடுங்கள், பார்க்க வடிவாக இருக்கும் என்றுதான் கேட்கிறேன் என்றால் அதுவும் ஒரு காரணம்தான். என் வண்டிக்கும் பாதிக் காரணம் அதுதான்.

எவ்வளவு பெரிதாகப் போகலாம்?

என் பதில்: ஒரு படி. அதற்கு மேல் போனால் டயர் மாற்றுகிற வேலை வண்டி மாற்றுகிற வேலையாகிவிடும்.

உயரத்தை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 265/70/16 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 வீதம், ரிம் 16 அங்குலம். பக்கச்சுவர் 185.5, அது மேலும் கீழும் இரண்டு தடவை வருவதால் 371. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4. இரண்டையும் கூட்டினால் 777 மில்லிமீட்டர்.

இதே கணக்கில் 265/75/16 என்றால் 804 வரும். 3.4 வீதம் கூட, அதுதான் நான் சொல்கிற ஒரு படி. 285/75/16 என்றால் 834, ஏழு வீதத்துக்கு மேல். அந்த இடத்தில் மட்கார்ட்டை வெட்ட வேண்டுமா, கியர் எப்படி இழுக்கும், பிரேக் போதுமா என்று கேள்விகள் வரிசையில் வந்து நிற்கும். 15 அங்குல ரிம் உள்ளவர்கள் 235/75/15இலிருந்து 31க்கு 10.5க்கு (உயரம் 31 அங்குலம், அகலம் 10.5) போக ஆசைப்படுவார்கள். 733இலிருந்து பெயரளவில் 787. இதுவும் ஏழு வீதம், ஒரு படி என்று சொல்ல முடியாது.

அகலத்தையும் பாருங்கள். 265/70/16 டயருக்கு 7 முதல் 9 அங்குல அகல ரிம் வேண்டும். ஆறு அங்குல ரிம்மில் அதை ஏற்றித் தருகிற டயர் கடைகள் இருக்கின்றன. ஏறும், ஓடும், நடுப்பூ மட்டும் சீக்கிரம் தேயும். ஒடுங்கிய ரிம்தான் கிடைத்தது என்றால் 235/85/16 நல்ல தெரிவு. உயரம் 806 வரும், அகலம் கூடுவதில்லை, உரசலும் குறைவு. பார்க்க ஒல்லியாக இருக்கும் என்று இளையவர்கள் விரும்புவதில்லை. காட்டு வேலைக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அலாய் ரிம் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இரும்பு?

கல்லில் அடிபட்டால் இரும்பு வளையும், அலாய் வெடிக்கும். வளைந்ததைச் சுத்தியலால் தட்டி ஊர் வந்து சேரலாம். விலையும் குறைவு. இரண்டாவது செட் ஒன்றைத் தனியே வைத்து, நகரத்துக்கு அலாயும் காட்டுக்கு இரும்பும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதகம் பாரமும் துருவும். நீங்கள் வாங்கப்போகிற ரிம்மை டயரோடு ஒரு தராசில் வைத்து, இப்போதுள்ளதை அடுத்து வையுங்கள். ஸ்பெயர் பின்கதவில் தொங்குகிற வண்டி என்றால் அந்த வித்தியாசத்தைக் கதவின் பிணைச்சல்தான் தினமும் தூக்கும்.

"ஆறு போல்ட் ரிம் எல்லா ஜீப்புக்கும் போகும்" என்று கடையில் சொல்கிறார்கள். சரியா?

பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பஜெரோ, பிராடோ, ஹைலக்ஸ் 4x4, 80 சீரிஸ் லேண்ட் குரூசர், இசுசு ட்ரூப்பர், பழைய நிசான் பட்ரோல் எல்லாம் ஆறு போல்ட், போல்ட்டுகள் நிற்கிற வட்டம் 139.7 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம். ஆகவே ரிம் போல்ட்டுக்குள் போய் உட்காரும். ஆனால் நடு ஓட்டை வேறு. டொயோட்டாவுக்கு 106 மில்லிமீட்டர், 2000க்குப் பிறகு வந்த பஜெரோவுக்கு 67. பஜெரோ ரிம்மை டொயோட்டாவில் போட முயன்றால், சில்லு போய்ப் பொருந்துகிற நடுப்பகுதியான ஹப்பிலேயே முட்டி நின்றுவிடும், அந்தத் தொல்லை அதோடு முடியும். மறுபக்கம்தான் சிக்கல். டொயோட்டா ரிம் பஜெரோவில் நுழையும், சுற்றிவர இருபது மில்லிமீட்டர் வெற்றிடத்தோடு உட்காரும். இரும்பு ரிம்மைக் கூம்பு வாய் நட்டே நடுவுக்குக் கொண்டுவரும் என்பதால் அது ஓடும்தான். நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராக இறுக்காவிட்டால் சில்லு நடுவில் இல்லாமல் உட்கார்ந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பெலன்ஸ் கடைக்கு மூன்று தடவை போய்வந்தும் நடுக்கம் நிற்கவில்லை என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

எல்லா ஜீப்பும் ஆறு போல்ட்டும் இல்லை. 100 சீரிஸ் லேண்ட் குரூசர் ஐந்து போல்ட், 150 மில்லிமீட்டர். ஜிம்னி ஐந்து போல்ட், 139.7. பழைய டிபென்டர் ஐந்து போல்ட், 165.1. ஆறு போல்ட்டில் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் நேராக விடை வந்துவிடும். ஐந்து போல்ட்டில் எதிரே ஓட்டை இல்லை. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் நடு தூரத்தை அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். 82 வந்தால் 139.7, 88 வந்தால் 150, 97 வந்தால் டிபென்டர்.

போல்ட்டின் புரியும் ஒன்றல்ல. டொயோட்டாவும் மிட்சுபிஷியும் 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.5 புரி. நிசானும் சுசுகியும் 1.25. மாறிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்து ஸ்பானரில் காலை வைத்து மிதிப்போம். போல்ட்டும் போச்சு, நட்டும் போச்சு.

ஒஃப்செட் என்றால் என்ன? அளப்பது எப்படி?

ரிம் ஹப்பில் போய் ஒட்டுகிற தட்டு, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஒஃப்செட். தட்டு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், சில்லு உள்ளே போகும். தட்டு உள்பக்கம் இருந்தால் மைனஸ், சில்லு வெளியே துருத்தும்.

இரும்பு ரிம்களில் அளவு வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் குத்தியிருக்கும், 16க்கு 7 ஜே என்பது போல. ஒஃப்செட்டைக் குத்தாமல் விட்ட ரிம்கள் ஏராளம். அதனால் ஒரு நீள மட்டப்பலகையும் டேப்பும் கொண்டுபோங்கள். ரிம்மை முகம் கீழே இருக்கும்படி படுக்கப்போட்டு, பின் விளிம்பின் மேல் பலகையைக் குறுக்கே வையுங்கள். பலகையிலிருந்து ஹப் தட்டு வரை அளக்கவும். 115 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விளிம்போடு விளிம்பு மொத்த அகலம் 203. ஏழு அங்குல ரிம் என்பது டயர் உட்காருகிற இடத்தின் அகலம், வெளி விளிம்பில் அளந்தால் ஓர் அங்குலம்போல கூட வரும். 203இல் பாதி 101.5. 115இலிருந்து அதைக் கழித்தால் பிளஸ் 13.5.

வீட்டில் உங்கள் ரிம் ஒன்றையும் முன்னரே இப்படி அளந்து கைபேசியில் எழுதி வைத்திருங்கள். அகலம் ஒன்றாக இருந்து, உங்களுடையது பிளஸ் 15, வாங்குவது மைனஸ் 10 என்றால் சில்லு 25 மில்லிமீட்டர் வெளியே வரும். பென்டருக்கு வெளியே டயர் தெரியும், மழையில் சேறு கதவுக் கைப்பிடி வரை அடிக்கும், ஹப் பெயரிங்கில் பாரம் ஏறும், ஸ்டியரிங் குழிகளில் கையை இழுக்கும். பத்து மில்லிமீட்டருக்குள் நின்றால் பெரிதாகத் தெரியாது.

பஞ்சிகாவத்தையில் ரிம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கொழும்பில் பாவித்த வாகனப் பாகங்கள் விற்கிற இடம் அது. காலையில் போங்கள். மருதானைப் பக்கமிருந்து உள்ளே போனால் ஒரு கடை வாசலில் கதவுகள், அடுத்ததில் கியர்பெட்டிகள், அதற்கடுத்ததில் ரிம்கள் இட்லிபோல அடுக்கியிருக்கும். மேலே இருக்கிற ரிம்தான் எப்போதும் நல்ல ரிம். அடியில் இருப்பதையும் இறக்கச் சொல்லுங்கள்.

"நானா, இது எந்த வண்டியில கழட்டினது?" என்று முதலில் கேளுங்கள். வண்டியின் பெயரையும் ஆண்டையும் பட்டென்று சொன்னால் நல்லது. "எல்லாத்துக்கும் போகும்" என்றால் டேப்பை எடுங்கள்.

பிறகு ரிம்மை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த ரிம்மைப் பார்த்து மயங்கவேண்டாம். எனக்குத் துருப்பிடித்த ரிம்மில்தான் நம்பிக்கை கூட, இருப்பதை மறைக்காது. நடுத்தட்டு வெளி வளையத்தோடு வெல்டான இடத்தை விரல் நகத்தால் சுற்றிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் அங்கிருந்து துருக்கோடு ஒன்று கசிந்திருக்கும். போல்ட் ஓட்டைகளின் கூம்பு வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் இருந்தால், பளபளவென்று தேய்ந்திருந்தால், அந்த ரிம் ஒருகாலத்தில் இளகிய நட்டோடு ஓடியிருக்கிறது. அதை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் இடையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரின் விளிம்பு உட்காருகிற உள்வட்டத்தில் விரலை ஓட்டுங்கள். தூளாகத் துரு வந்தால் பரவாயில்லை, சுரண்டித் தேய்க்கலாம். குழி குழியாகத் தின்றிருந்தால் அதன் வழியே காற்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியாக, முன்பணம் கொடுத்துவிட்டு அருகிலுள்ள டயர் கடைக்குக் கொண்டுபோய் பெலன்ஸ் மெஷினில் டயர் இல்லாமல் சுற்றவிடுங்கள். விளிம்பருகே ஒரு பேனையைப் பிடித்தால் போதும், கிட்டவும் எட்டவும் போவது கண்ணுக்குத் தெரியும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் அந்த ரிம் ஸ்பெயருக்குத்தான்.

ஐந்து வாங்குங்கள். நான்கு வாங்கிவிட்டு, ஐந்தாவதைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று: முதல் ரிம்மை டயர் ஏற்றாமல் முன் ஹப்பில் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிரேக் கலிப்பரில் உரசினால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கலாம். டயர் ஏற்றிய பிறகு எந்த முதலாளியும் திருப்பி எடுக்கமாட்டார்.

அலாய் ரிம்மில் இருந்த நட்டுகளையே இரும்பு ரிம்முக்கும் போடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் மிச்சத்தையெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

டொயோட்டாவின் பல அலாய் ரிம்களுக்கு வருகிற நட்டு, நேரான கழுத்தும் தட்டையான வாஷரும் உள்ளது. கழுத்து ரிம்மின் ஓட்டைக்குள் இறங்கும், வாஷர் தட்டையாக அழுத்தும். இரும்பு ரிம்மின் ஓட்டை கூம்பு. அதற்குக் கூம்பு வாய் நட்டு வேண்டும். கூம்பும் கூம்பும் பொருந்தினால்தான் ரிம் நடுவுக்கு வந்து பிடிக்கும். அலாய் நட்டைப் போட்டால் வாஷர் கூம்பின் மேல் விளிம்பில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்பானருக்கு இறுகியது போலத் தெரியும்.

எனக்கு இரும்பு ரிம் மாட்டித் தந்த கடையில் அலாய் நட்டையே திரும்பப் போட்டார்கள், நானும் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமை கழித்து முன்னேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டுப் புத்தளம் நோக்கிப் போகிறோம். சிலாபம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மனைவி, "ஏங்க, பின்னால என்னமோ தட்டுதே" என்றாள். ஜாக்கி இளகியிருக்கும் என்றேன். பத்து கிலோமீட்டர் போனபிறகு அந்தத் தட்டல் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைவது எனக்கே கேட்டது. நிறுத்தி இறங்கினேன். இடது பின்சில்லில் ஆறு நட்டில் இரண்டை விரலாலேயே சுற்ற முடிந்தது. மற்ற நான்கும் அரைச் சுற்று கொடுத்தன. ஓட்டைகளைச் சுற்றிக் கறுப்பு மைபோல ஒரு தூள். அது பிரேக் தூள் இல்லை, ரிம்மும் வாஷரும் ஒன்றையொன்று தின்ற இரும்புத்தூள்.

இறுக்கிவிட்டு 40இல் உருட்டிக்கொண்டு புத்தளம் போய்ச் சேர்ந்தோம். அங்கே டயர் கடையில் நின்ற தம்பி ஒரு நட்டைக் கழற்றிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது அலாய் நட்டு. இரும்புக்கு வாய் கூம்பா இருக்கணும்" என்றான். ஒரே வசனம். 24 கூம்பு நட்டு அங்கேயே வாங்கிப் போட்டேன். அந்த ஒரு ரிம்மில் ஓட்டைகள் முட்டையாகிவிட்டன, அது பழைய இரும்புக்குப் போனது.

ஆகவே ரிம்மோடு நட்டையும் வாங்குங்கள். பெயின்ட் அடித்த ரிம் என்றால் தட்டும் கூம்பும் பெயின்ட் இல்லாமல் சுரண்டியிருக்க வேண்டும். தடித்த பெயின்ட் அழுந்தி மெலிந்தால் நட்டு தானாக இளகும். முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் டோர்க் ஸ்பானரால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டுகிற ஸ்பானர்) திரும்ப இறுக்குங்கள். வண்டியின் கையேட்டில் இரும்புக்கும் அலாய்க்கும் வேறு வேறு அளவு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். புது டயரின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது உங்கள் விருப்பம், இது கட்டாயம்.

ஸ்பெயர் மட்டும் இன்னும் அலாய் என்றால் ஆறு அலாய் நட்டை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வையுங்கள். இல்லாவிட்டால் நடுவழியில் காற்றுப் போனால், கையில் ஸ்பெயர் இருந்தும் மாட்ட நட்டு இருக்காது.

பழைய இரும்பு ரிம்மில் டியூப் இல்லாத டயர் போடலாமா?

விளிம்புக்கு உள்பக்கமாக ஒரு சிறிய மேடு சுற்றி ஓடினால் போடலாம். காற்றுக் குறைந்தாலும் டயர் நழுவாமல் பிடிப்பது அந்த மேடுதான். நடுத்தட்டை வெல்ட் பண்ணாமல் ஆணி அடித்துப் பொருத்திய மிகப் பழைய ரிம்களில் ஆணியின் வழியே காற்றுக் கசியும், அவை டியூப்புக்குத்தான். வால்வு ஓட்டையும் இரண்டு அளவில் வரும், 11.5 மில்லிமீட்டர்போல ஒன்று, 16 மில்லிமீட்டர்போல ஒன்று. பெரிய ஓட்டையில் சின்ன வால்வைத் திணித்து ஒட்டுகிற கடையில் நிற்கவே வேண்டாம்.

லொக் ரிங் உள்ள 16 அங்குல ரிம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கவா?

வேண்டாம். பழைய லேண்ட் குரூசர்களிலும் சின்ன லொறிகளிலும் வந்த ரிம் அது. ஒரு பக்க விளிம்பு தனி வளையமாகக் கழன்று வரும், 7.50க்கு 16 டியூப் டயர் போடுவார்கள். வளையம் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அது பறந்து வரும், எதிரில் நிற்கிற ஆளின் கதி அவ்வளவுதான். தெரிந்த கடைகளில் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிப்பார்கள். கூண்டும் அனுபவமும் உள்ள இடங்கள் நகரத்துக்குள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆசைப்பட்டு வாங்கிவிட்டு ஒவ்வொரு தடவை காற்றுப் போகும்போதும் பயந்து சாகவேண்டாம்.

பெரிய டயர் உரசுகிறது. முன்பக்கம் டோர்ஷன் பாரைக் கூட்டினால் சரியாகுமா?

நிற்கும்போது சரியானது போலத் தெரியும். 1990களின் பஜெரோ, எல்200 போன்றவற்றில் முன்பக்கத்தைத் தாங்குகிற முறுக்குக் கம்பிதான் டோர்ஷன் பார், அதன் போல்ட்டை நாலு சுற்றுச் சுற்றினால் முன்பக்கம் உயரும். ஆனால் குழியில் விழும்போது சில்லு மேலே போகிற உச்சம் மாறாது. அங்கே முன்னர் உரசியது இப்போதும் உரசும். அதோடு டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், போல் ஜொயின்ட் தேயும், அலைன்மென்ட் கெட்டு டயரின் ஒரு பக்கம் மட்டும் தேயும்.

உரசுகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. ஒரு முன்சில்லை உயரமான மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் உருட்டுங்கள். அநேகமாக முட்டுவது பிளாஸ்டிக் உள்மட்கார்ட்டின் ஒரு மூலை அல்லது மட்ஃபிளாப். அதை வெட்டுவது பத்து நிமிட வேலை. சேசியில் முட்டினால் ஸ்டியரிங் ஸ்டொப்பரைக் கொஞ்சம் கூட்டலாம். அப்போது வண்டி திரும்புகிற வட்டம் பெரிதாகும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இதன் அர்த்தம் மாடிவீட்டுக் கேட்டுக்குள் மூன்று தடவை முன்பின் எடுக்க வேண்டும் என்பது.

ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் பூட்டுகிற தடித்த தட்டு) போட்டு சில்லை வெளியே தள்ளினால்?

நான் போடமாட்டேன். சரியான ஒஃப்செட் உள்ள ரிம் கிடைக்கிற ஊரில் இன்னொரு ஆறு நட்டை உள்ளே ஒளித்துவைத்து ஓட்டுவானேன்?

ஸ்பீடோமீட்டரும் டீசலும் என்ன ஆகும்?

265/70இலிருந்து 265/75க்குப் போனால் மீட்டர் 70 காட்டும்போது நீங்கள் 72.4இல் போகிறீர்கள். நெடுஞ்சாலையில் 100 என்றால் 103.4. கம்பனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் இந்த அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஏழு வீதம் போனவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. 70இல் போவதாக நினைத்து 75இல் போவார்கள்.

"பெரிய டயர் போட்டபின் டீசல் கூடக் குடிக்கிறது" என்பவர்கள் கணக்கையும் திருத்த வேண்டும். மீட்டரில் 400 என்றால் உண்மையில் ஓடியது 414 கிலோமீட்டர். அதைச் சேர்த்தால் நட்டம் நினைத்ததைவிடக் குறைவு. இழுவை குறைவது மட்டும் உண்மை. கடுகண்ணாவ ஏற்றத்தில் முன்னர் மூன்றில் போன இடத்தில் சில வேளை இரண்டுக்கு இறக்குவீர்கள். பிரேக்கும் அதே அளவு கூடுதலாக வேலை செய்யவேண்டும். பேட் தேய்ந்த வண்டி என்றால் டயருக்கு முன்னர் அதை மாற்றுங்கள்.

பின்னால் இரண்டு மட்டும் பெரிதாகப் போடலாமா?

கூடாது. என் பிராடோபோல எப்போதும் நான்கு சில்லும் இழுக்கிற வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு உயரம் என்றால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற நடு டிபரன்ஷியல் ஒரு நிமிடமும் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்ற வகை வண்டிகளில் 4 எச் (நான்கு சில்லும் இழுக்க வைக்கிற கியர்) போட்டவுடன் முன் பின் ஷாஃப்ட்டுகள் பூட்டிக்கொள்ளும், உயர வித்தியாசம் கியரில் முறுக்காக ஏறும். நான்கும் ஒரே அளவு, ஸ்பெயரும் அதே அளவு.

பாவித்த டயர் வாங்கலாமா?

ரிம்மைப் பாவித்ததாக வாங்கலாம், டயரைப் புதிதாக வாங்குங்கள் என்பது என் கட்சி. முடியாது என்றால் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்குகிற வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. பூ நிறைய இருந்தும் டயர் பத்து வருடம் கிடந்திருக்கலாம். பக்கச்சுவரை மடித்துப் பாருங்கள், நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் விடுங்கள். பளபளவென்று கறுப்பு தடவிய டயர் என்றால் ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பாரச் சுட்டெண் பழைய டயருக்குக் குறையாமல் இருக்கட்டும். 112 என்றால் ஒரு டயருக்கு 1,120 கிலோ.

காற்று எவ்வளவு?

கதவு ஓரத்தில் ஒட்டியிருப்பது பழைய அளவுக்கான எண். அங்கிருந்து தொடங்குங்கள். எல்.டி. என்று எழுதிய தடித்த டயர் என்றால் அதே பாரத்துக்குக் கொஞ்சம் கூட வேண்டும். சரியா என்று பார்க்கப் பூவின் குறுக்கே சுண்ணக்கட்டியால் தடித்த கோடு ஒன்று போட்டு நேரான வீதியில் நூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூட, ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. மணலில் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினவர்கள் தார் வீதிக்கு ஏறமுன் திரும்ப அடிக்க வேண்டும்.

பொலிஸ், காப்புறுதி?

2025 ஜனவரியில் வாகனங்களில் கூடுதலாகப் பூட்டிய பாகங்களைக் கழற்றச் சொல்லிப் பொலிசார் இறங்கியது நினைவிருக்கும். பென்டருக்கு வெளியே துருத்துகிற டயர் எந்தக் காலத்திலும் கண்ணில் படும். பதிவுச் சான்றிதழில் உள்ள விபரத்தோடு ஒத்துப்பார்த்து, சந்தேகம் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு மாற்றத்தைக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் படம் எடுப்பது சில்லைத்தான்.

கடலோரத்தில் இரும்பு ரிம் எத்தனை நாளைக்கு?

மரைன் டிரைவ் காற்றில் ஜன்னல் கம்பியே தங்குவதில்லை. வாங்கியவுடன் மணல் வீசித் துருவை எடுத்து, சிங்க் பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட். ஹப் தட்டையும் கூம்பையும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள், பெயின்ட் அடிக்கிற பாஸ் மறந்துவிடுவார். கடற்கரை மணலில் ஓடிவந்தால் அன்று இரவே நல்ல தண்ணீரால் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை பெயின்ட் தொட்டுக்கொண்டால் நெடுநாள் ஓடும்.

கழற்றிய அலாய் ரிம்களை விற்றுவிடலாமா?

வைத்திருங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் அதைத்தான் கேட்பார். நான் என்னுடையதை மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த 24 நட்டும் ஒரு சீனிப் பையில் கட்டி மேல் ரிம்மின் நடு ஓட்டையில் கிடக்கின்றன. பையின் மேல் மனைவி பெரிய எழுத்தில் "அலாய்க்கு மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.